தொடைக்கு வாங்குங்கோ, இடுப்பை நாங்க பாத்துக்கொள்ளுறம்

போன தடவை டெனிம் கழுவுறதைப் பற்றி எழுதினன், அதுக்கு வந்த கேள்வியில முக்காவாசி கழுவுறதைப் பற்றியே இல்ல. எல்லாரும் சுத்தி வளைச்சுக் கேட்டது ஒரே விஷயம்தான், தொடைக்கு ஏறுற டெனிம் இடுப்புல நிக்குதில்ல, இடுப்புக்குச் சரியா இருக்கிற டெனிம் முழங்காலுக்கு மேல ஏறுதில்ல. கட்டுநாயக்காப் பக்கம் ஒரு கார்மண்ட்ஸ்ல பேட்டர்ன் வெட்டுற செக்‌ஷன்ல கன வருஷம் நிண்டவன், இப்ப வெள்ளவத்தையில சின்னதா ஒரு ஒல்டரேஷன் கடை வச்சிருக்கிறவன் எண்ட முறையில எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேத்து ஒண்டாக்கிப்போட்டன், கோவிக்க வேண்டாம்.

கே: அண்ணா, எனக்கு 24 வயசு, மூண்டு வருஷமா ஜிம்முக்குப் போறன், ஸ்குவாட் கொஞ்சம் கூடத்தான் அடிப்பன். இடுப்பு 30, தொடை 25. 30 சைஸ் தொடையில இறுகி நிண்டிடும், 34 எடுத்தா ஏறும் ஆனா இடுப்புக்குள்ள ஒரு கையை விட்டு எடுக்கலாம். என்ர உடம்புலயா பிழை? (வெள்ளவத்தை)

ப: உடம்புல ஒரு பிழையும் இல்ல தம்பி, பிழை சைஸ் சார்ட்டுலதான். ஃபெக்டரியில ஒவ்வொரு சைஸுக்கும் ஒவ்வொரு ஆளைக் கூப்பிட்டு அளவெடுத்து வெட்டுறேல்ல. ஏதோ ஒரு நடு சைஸ், 32 எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, அதை மட்டும் ஒரு ஆளுக்குப் போட்டுப் பாத்து, இங்க பிடி அங்க விடு எண்டு திருத்தி ஓகே எடுப்பினம், மிச்ச சைஸ் எல்லாம் அதுல இருந்து கூட்டிக் கழிக்கிற கணக்கு, அதுக்குப் பேர் கிரேடிங். சாதாரணமா இடுப்பு ஒரு இஞ்ச் கூடினா தொடை அரை இஞ்ச் இல்லாட்டி அதுக்குக் கொஞ்சம் கூட ஏறும், அவ்வளவுதான். அப்ப உங்களுக்குத் தொடையில ரெண்டு இஞ்ச் கூட வேணுமெண்டா நாலு சைஸ் மேல போகோணும், இடுப்பும் நாலு இஞ்ச் கூடவே வந்திடும். நீங்க 34ல போய் நிண்டது இந்தக் கணக்காலதான், நீங்க தேடத் தெரியாம இல்ல.

அதால சைஸை மாத்துறதை விட்டிட்டு கட்டை, அதாவது வெட்டின மாதிரியை, மாத்துங்கோ. ஸ்கின்னி, ஸ்லிம் ரெண்டையும் திரும்பியும் பாக்க வேண்டாம். அத்லெட்டிக் டேப்பர், ரிலாக்ஸ்ட் டேப்பர், இல்லாட்டி சும்மா ஸ்ட்ரெயிட் எண்டு எழுதியிருக்கிறதைப் பாருங்கோ. டேப்பர் எண்டா மேல அகலம், முழங்காலுக்குக் கீழ ஒடுக்கம், தொடைக்கு இடம் இருக்கும், ஆனா கீழ பெல்பொட்டம் மாதிரி ஆடாது. அந்தக் கட்டுல 31 இல்லாட்டி 32ல உங்கட தொடை அடங்கும், மிச்சம் ஒண்டு ரெண்டு இஞ்ச் இடுப்பை டெய்லர் பிடிச்சுத் தருவார்.

கடையில எப்பிடிப் பாக்கிறது எண்டா, டெனிமை மேசையில பரப்பி வச்சு, கவட்டுத் தையல் நாலும் சந்திக்கிற இடத்துல இருந்து ஒரு இஞ்ச் கீழ, குறுக்கால அளந்து ரெண்டால பெருக்குங்கோ. ஸ்ட்ரெச் இல்லாத முழுக் கொட்டன் எண்டா உங்கட தொடையை விட ஒண்டரை ரெண்டு இஞ்ச் கூட இருக்கோணும், அதாவது 26½, 27. எலாஸ்டேன் ஒண்டு ரெண்டு வீதம் கலந்ததெண்டா 25 இருந்தாலே காணும். (ஸ்பான்டெக்ஸ், லைக்ரா, எலாஸ்டேன் எண்டு லேபல்ல எப்பிடி எழுதியிருந்தாலும் சாமான் ஒண்டுதான், லைக்ரா கொம்பனிப் பேர்.) அதைவிடக் கூட ஸ்ட்ரெச் எண்டா யோசிச்சு வாங்குங்கோ, கட்டு சின்னனா இருந்தா அது லெகின்ஸ் மாதிரி தசையோட ஒட்டிக்கொண்டு நிக்கும், ரெண்டு மாசத்துல முழங்கால் பை மாதிரித் தொங்கும்.

கே: அண்ணே, 34 வாங்கி இடுப்ப நாலு இஞ்ச் கொறைக்க ஒரு எடத்துல குடுத்தேன். இப்ப பின்னாடி பொக்கெட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, உக்காந்தா நடுவுல கூரா தூக்குது. இத சரி பண்ண முடியுமா? (கொட்டாஞ்சேனை)

ப: முழுசாச் சரியாக்க ஏலாது, பாதி திருப்பலாம். பிடிச்ச துணியை வெட்டாம உள்ள மடிச்சு வச்சிருந்தா ரெண்டு இஞ்சைத் திரும்ப விடலாம், வெட்டிப்போட்டினமெண்டா கதை முடிஞ்சுது. முதல்ல உள்ள திருப்பிப் பாருங்கோ.

எல்லாருக்குமாச் சொல்லுறன், டெனிம் இடுப்பைக் குறைக்கிற சரியான இடம் பின் நடுத் தையல். நடு பெல்ட் லூப்பைக் கழட்டி, இடுப்புப் பட்டியைப் பிரிச்சு, யோக்கையும் (பட்டிக்குக் கீழ வி மாதிரி இருக்கிற துண்டு) சேத்து நடுத் தையலைக் கீழ வரைக்கும் அவிட்டு, மேல கூடவும் கீழ வரவரக் குறைச்சும் பிடிச்சு, கவட்டுக்குக் கிட்ட ஒண்டும் இல்லாம முடிக்கோணும். சில பேர் பட்டியில மட்டும் ஒரு மடிப்பு வச்சு அடிச்சுத் தருவினம், அது ஒல்டர் இல்ல, ஊசி குத்தி விட்டது மாதிரி. ஒண்டரை இஞ்ச் வரைக்கும் ஆருக்கும் தெரியாது, ரெண்டு இஞ்ச் கடைசி. அதுக்கு மேல போனா பொக்கெட் கிட்டக்கிட்ட வரும், நடுத் தையல்ர வளைவு நேராகி நீங்க சொன்ன கூர் வரும். பொக்கெட்டைக் கழட்டித் தள்ளித் தைக்கலாமே எண்டு கேப்பீங்க, தைக்கலாம், ஆனா டெனிம் நூல்ல நீலம் மேலாலதான் பிடிச்சிருக்கும், உள்ளுக்கு வெள்ளை, அதால போடப்போட வெளுத்துக்கொண்டு போகும், பொக்கெட்டுக்குக் கீழ இருந்த துணி மட்டும் வெளுக்காம புதுசா இருக்கும். கழட்டினா ரெண்டு கடும் நீலச் சதுரம் உங்கட பின்பக்கத்துல விளம்பரம் மாதிரித் தெரியும்.

நானும் இந்தப் பிழை விட்டவன்தான். கடை திறந்த புதுசுல ஒரு பொடியன் கெஞ்சிக் கேட்டான் எண்டு மூண்டரை இஞ்ச் பிடிச்சுக் குடுத்தன், போட்டிட்டுத் திரும்பி நிண்டான், பின்னால ஒரே ஒரு பொக்கெட் இருக்கிற மாதிரி இருந்துது. காசு வாங்கேல்ல.

இன்னொண்டு, தொடையை இளக்கித் தாங்கோ எண்டு கன பேர் கொண்டு வருவினம். டெனிம்ல தையலுக்கு உள்ள மிச்சத் துணி அரை இஞ்ச்கூட ஒழுங்கா இராது, கால் தையல்ல ஒண்டு மற்றதுக்குள்ள மடிச்சு ரெட்டைத் தையல் போட்டிருக்கும், அதை அவிட்டு விட இடமே இல்ல. பெருசைச் சின்னனாக்கலாம், சின்னனைப் பெருசாக்க ஏலாது.

கே: ஒல்டர் எல்லாம் வேணாம், பெல்ட்டை இறுக்கிக் கட்டினாப் போதாதா? (பம்பலப்பிட்டி)

ப: ஒரு இஞ்ச் எண்டாப் போதும். ரெண்டு மூண்டு எண்டா பட்டி பின்னால மடிஞ்சு முதுகுல குத்தும், முன்னால சிப் பக்கம் சுருங்கி வயிறு வச்ச மாதிரிக் காட்டும், தசை வளத்து என்ன பிரயோசனம்.

இதுல ஒரு பகிடி இருக்கு. லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் ரிவெட் அடிச்ச காற்சட்டைக்கு 1873ல பேட்டன்ட் எடுத்த காலத்துல டெனிமுக்கு பெல்ட் லூப்பே இல்ல, தோள்பட்டி மாட்ட பொத்தானும், பின்னால யோக்கில ஒரு சின்னப் பட்டியும் பக்கிளும்தான். இழுத்துப் பூட்டினா இடுப்பு சுருங்கும். லூப் வந்தது 1922லதான், அந்தப் பின் பக்கிள் ரெண்டாம் உலக யுத்த நேரம் சாமான் மிச்சம் பிடிக்கப் போய் இல்லாமப் போயிட்டுது. அப்பவே உங்கட பிரச்சினைக்கு விடை இருந்தது, நாங்கதான் தொலைச்சிட்டம். இப்பவும் அதே துணியில ஒரு பட்டி தைச்சு பக்கிள் வச்சுத் தரச் சொல்லி ஒரு நல்ல டெய்லரிட்டக் கேக்கலாம், உடம்பு ஏறி இறங்குற ஆக்களுக்கு, அதாவது பல்க் கட் எண்டு மாறி மாறிப் போறவைக்கு, அதுதான் நிரந்தரமா வெட்டிப் பிடிக்கிறதை விட நல்லது.

கே: பெட்டாவில (புறக்கோட்டை) வாங்குற டெனிம்ல 32 எண்டு இருக்கும், வீட்ட வந்து பாத்தா 34 மாதிரி. ஃபிட்டொன் பண்ணவும், அதான் போட்டுப் பாக்கவும், விடுறாங்க இல்ல. (தெஹிவளை)

ப: லேபல்ல இருக்கிறது நம்பர், அளவு இல்ல. வாங்குறவர் சந்தோசப்படட்டும் எண்டு கன பிராண்ட் 34ஐ 32 எண்டு எழுதுறது உலகம் முழுக்க நடக்கிற விஷயம். புறக்கோட்டை குறுக்குத்தெருக்கள்லயும் மஹரகம பமுனுவயிலயும் வாற எக்ஸ்போர்ட் மிச்சச் சாமான்ல லேபலே வெட்டித்தான் இருக்கும், அதையும் நம்பேலாது. இஞ்ச் டேப் ஒண்டை பேக்குல போட்டுக்கொண்டு போங்கோ. வீட்டுல உங்களுக்கு வடிவா நிக்கிற ஒரு டெனிமை அளந்து பட்டி, தொடை, முன் ரைஸ், பின் ரைஸ் (ரைஸ் எண்டா கவட்டுத் தையல்ல இருந்து பட்டி வரைக்கும் உள்ள உயரம்) எண்டு நாலு நம்பரை போன்ல எழுதி வையுங்கோ, ஃபிட்டொன் றூம் இல்லாத கடையில அதுதான் ஃபிட்டொன். உண்மையில தசைக்காரருக்கு இந்த எக்ஸ்போர்ட் மிச்சம் நல்ல வேட்டை, வெளிநாட்டுல வாங்குற கொம்பனிக்கு வெட்டினது எண்டதால சிலதுல தொடை தாராளமா வரும். நீளம் கூடத்தான் இருக்கும், வெட்டிப் போடுங்கோ.

கே: நான் நெட்போல் விளையாடுறனான். கால் பொருந்துற ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு கதிரையில இருந்தா பின்னால பட்டி ஒரு சாண் விலகி நிக்குது, பஸ்ல சால்வையால மறைச்சுக்கொண்டு போறன். (கொட்டாஞ்சேனை)

ப: தங்கச்சி, அது இடுப்பு பெருசா இருக்கிறதால மட்டும் இல்ல. ரெண்டு காரணம். ஒண்டு, பட்டி நேர்த் துண்டா வெட்டினது, உங்கட உடம்பு இடுப்புல ஒடுங்கி கீழ விரியுது, நேர்ப் பட்டி அந்த வளைவுல ஒட்டாது. வாங்கேக்க பட்டியை மேசையில வச்சுப் பாருங்கோ, வானவில் மாதிரிக் கொஞ்சம் வளைஞ்சு கிடந்தா அது கொன்டூர் பட்டி, அதை எடுங்கோ. ரெண்டாவது, பின் ரைஸ் காணாது. பின்பக்கத்துல தசை இருக்கிற ஆக்கள் இருக்கேக்க அது துணியைக் கீழ இழுக்கும், லோ ரைஸ் எண்டா அவ்வளவுதான். மிட் இல்லாட்டி ஹை ரைஸ் எடுங்கோ. யோக் எண்டு பின்னால பட்டிக்குக் கீழ வி மாதிரி ஒரு துண்டு இருக்குமே, அந்த வி ஆழமா இருந்தா நல்லது, அந்தத் தையலுக்குள்ளதான் வளைவை ஒளிச்சு வச்சிருக்கும். கையில இருக்கிறதைத் திருத்த, யோக்கில ரெண்டு பக்கமும் சின்ன டார்ட் (கூரா முடியிற மடிப்புத் தையல்) பிடிக்கலாம், உங்களுக்கு நடுத் தையலை விட அதுதான் பொருந்தும்.

கே: மெரின் டிரைவ்ல தினமும் சைக்கிள் ஓடுறன், தொடை ஓகே, கெண்டைக்கால்ல இறுகுது. (கொள்ளுப்பிட்டி)

ப: டேப்பர் வேண்டாம், ஸ்ட்ரெயிட் எடுங்கோ. கீழ வேணுமெண்டா பிறகு ஒடுக்கலாம்.

கே: நானா, நான் ஸ்கூல் காலத்துல ரக்பி விளையாடின ஆள், இப்பயும் காலு மரம் மாதிரி. எந்த டெனிம் வாங்கினாலும் ஆறு மாசத்துல தொட ரெண்டும் உரசி உள்ளுக்கு கிழியுது. வெல கூடின எடுத்தும் அதே கததான். (தெமட்டகொடை)

ப: விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல தம்பி, அது உரசல். தொடை தொடையோட உரசுது, கொழும்பு வேர்வை அதை ஈரமாக்கிக்கொண்டே இருக்கு, டெனிம் தொடையில இறுக்கமா இருந்தா ஒவ்வொரு அடிக்கும் கவட்டுத் தையல் இழுபடுது. கவடு பதிஞ்சு தொங்குறதும் கூடாது, அப்பவும் துணி மடிஞ்சு உரசும். செய்யவேண்டியது, கிழியிறதுக்கு முதலே கொண்டு வாறது. வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாருங்கோ, நீலம் போய் வெள்ளை நூல் தெரியத் தொடங்கினா உள்ளுக்கு ஒரு மெல்லிய துணி வச்சு மேலால நெருக்கமா ஓட்டித் தைச்சா இன்னும் ஒரு வருஷம் கிட்ட ஓடும். ஓட்டை விழுந்த பிறகு தைச்சா அந்த இடம் தடிச்சு இன்னும் உரசும். புதுசு வாங்கேக்க, கவட்டுல டயமண்ட் மாதிரி ஒரு துண்டு வச்சுத் தைச்சது இருந்தா, கஸட் எண்டு சொல்லுவினம், அதை எடுங்கோ, நாலு தையலும் ஒரு புள்ளியில இழுபடாது. இருக்கிறதுலயும் வைக்கலாம், ஆனா வீட்டு மெஷின்ல வேண்டாம். அந்தச் சந்தியில துணி ஆறேழு மடிப்பு நிக்கும், 16ஆம் 18ஆம் நம்பர் டெனிம் ஊசி இல்லாட்டி ஊசி முறிஞ்சு முகத்துக்கு வரும்.

ஸ்ட்ரெச் டெனிம் எண்டா குளோரின் போடாதீங்கோ, சுடச்சுட அயன் பண்ணாதீங்கோ, எலாஸ்டேன் செத்திடும். உள்ளுக்குத் திருப்பி நிழல்ல காயவிடுங்கோ, மழைக்காலத்துல ரெண்டு நாள் எடுக்கும், எடுக்கட்டும்.

கே: டொரோண்டோவில இருந்து அத்தான் வாறார், என்ன வாங்கிவரச் சொல்லுறது? (வெள்ளவத்தை)

ப: ஆம்பிளைக்கு எண்டா லீவைஸ் 541, அது அத்லெட்டிக் டேப்பர் எண்டே வாறது. 511, 512 ரெண்டும் ஸ்லிம், அதுகளைத் தொடவேண்டாம் எண்டு அழுத்திச் சொல்லுங்கோ, கடையில அதுதான் முன்னுக்குத் தொங்கும், அத்தான்மார் அதைத்தான் தூக்குவினம். பொம்பிளைப்பிள்ளையளுக்கு ஏபர்க்ராம்பி எண்ட பிராண்டில கர்வ் லவ் எண்டு ஒரு வரிசை, இடுப்பு அளவு அதேதான், இடுப்புக்குக் கீழயும் தொடையிலயும் ரெண்டு இஞ்ச் கூட வச்சு வெட்டினது. பில்லை எறியாம கொண்டுவரச் சொல்லுங்கோ, அத்தான் போன பிறகு மாத்த ஏலாட்டியும் சைஸ் நம்பராவது பிழைக்காது.

கே: துணி வாங்கித் தைப்பிச்சா? (வத்தளை)

ப: முதல் கேள்வி கேட்ட தம்பியிர இடுப்பு 30, தொடை 25ஐ விட உங்கட அளவு மோசமாப் பொருந்தாட்டி அதுதான் வழி. 10, 11 அவுன்ஸ் பாரமுள்ள துணி எடுங்கோ, 14 எல்லாம் இந்த வெக்கைக்குப் போர்வை. அகலத் துணியில ஒண்டரை யார் எடுத்து, வெட்ட முதல் ஒரு இரவு தண்ணியில ஊறப்போட்டுக் காயவச்சுக் குடுங்கோ, இல்லாட்டி முதல் கழுவல்லயே சுருங்கிடும். காற்சட்டை தைக்கிற எல்லாரும் டெனிம் தைக்கமாட்டினம், அவர் தைச்ச ஒண்டை வாங்கி உள் தையலைப் பாருங்கோ. வெறும் ஓவர்லொக் (ஓரம் பிரியாம அடிக்கிற தையல்) மட்டும் எண்டா வேற ஆளைப் பாருங்கோ.

கே: தொடை அளவு எப்ப எடுக்கிறது, ஜிம்முக்கு முதலா பிறகா? (நுகேகொடை)

ப: பிறகுதான். லெக் டே முடிச்ச பின்னேரம், நிண்டுகொண்டு, தொடை ஆகத் தடிச்ச இடத்துல, டேப்பை இறுக்காம. ரெண்டு காலையும் அளவெடுங்கோ, கன பேருக்கு ஒண்டு மற்றதை விடக் கொஞ்சம் பெருசா இருக்கும். பெருசா இருக்கிறதை எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கோ.