சிலந்தி எப்படி அம்மா ஆகும்?

கேள்வி: பிரம்மாண்டமான சிலந்திச் சிற்பம் ஒன்றுக்கு 'அம்மா' என்று பெயராமே, பெற்றவளை யாராவது அப்படிச் சொல்வார்களா?
– வாசகி, தோ பாயோ

பதில்: பிரான்சில் பிறந்த பெண் சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா 1999-ல் செய்த சிற்பம் அது. அவருடைய அம்மா கிழிந்த பழைய சித்திரக் கம்பளங்களை, சிலந்தி வலை பின்னுவதுபோல, நூல் கோத்துச் சரிசெய்கிறவர்; அப்பாவோ, பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்து வீட்டிலேயே தங்கிய பெண்ணோடு உறவு வைத்திருந்தார், தெரிந்தும் அம்மா பொறுத்துக்கொண்டார். மகளுக்கு அந்தக் கோபம் ஆறவே இல்லை. 1974-ல் அப்பாவை அழிப்பதாகவே ஒரு சிற்பம் செய்தார்.

சிலந்தி 9 மீட்டருக்கு மேல் உயரம், நம் புளோக்கில் மூன்று மாடி வரும். ஆனால் கால்கள் தரையைத் தொடும் இடத்தில் ஊசி போலக் கூர்மை, வயிற்றுக்கடியில் வலைப்பை, அதற்குள் பளிங்கு முட்டைகள். பயமுறுத்துகிறாள், காக்கவும் செய்கிறாள். எனக்கு இதில் அவமதிப்பே தெரியவில்லை. பாட்டி வெளியே சொல்லாமல் விழுங்கியதெல்லாம் அம்மாவின் எரிச்சலாக நம்மிடம் வந்து சேர்கிற வீடுகள் இங்கேயும் இருக்கின்றனவே!