கிண்ணத்தில் வளரும் குடல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்வி: ஆய்வகத்தில் குடலையே வளர்க்கிறார்களாமே, உண்மையா? (பிளஸ் டூ மாணவி, காட்பாடி)

முழுக் குடல் இல்லையம்மா. எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுத்த துளித் திசுவிலிருந்து ஸ்டெம் செல்களை (குடலின் பலவகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்கள்) பிரித்து, ஜெல்லில் பதித்து, வளர்ச்சிப் புரதங்கள் கொடுப்பார்கள். சில நாட்களில் கடுகைவிடச் சிறிய, உள்ளே வெற்றிடமுள்ள உருண்டைகள் திரளும். இவைதான் ஆர்கனாய்டுகள். 2009இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழு எலிக்குடல் செல்லில் இதைச் செய்து காட்டியது. அந்த ஜெல் பொல்லாதது: குளிரில் நீராக இருக்கும், சூடேறினால் இறுகிவிடும். பிப்பெட் முனையைக் குளிரவைக்க மறந்தால் உள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: குடல் வைரஸ்களை வளர்த்து ஆராய வழக்கமான ஆய்வகச் செல்களே போதாதா? (மருந்து நிறுவன ஊழியர், ராணிப்பேட்டை)

குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா வைரஸுக்கு ஓரளவு போதும். டிரிப்சின் என்ற செரிமான நொதி சேர்த்தால் குரங்கின் சிறுநீரகச் செல்லிலும் அது வளரும். வாந்தி, பேதி தரும் நோரோ வைரஸ்தான் மசியவில்லை. 1972இலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பிடிபட்ட அது, மனிதக் குடல் ஆர்கனாய்டில் வளர்ந்தது 2016இல்தான். ஹூஸ்டனில் மேரி எஸ்டிஸ் குழு அதைச் சாதித்தது. சில வகைகள் பித்தநீர் சேர்த்த பிறகே வளர்ந்தன. குடலில் வாழ்வது பித்தநீரைத் தேடுவதில் வியப்பென்ன?

கேள்வி: கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே பந்தியில்தான் சாப்பிட்டோம். எனக்கும் கணவருக்கும் வாந்தி, பேதி. மாமியார் மட்டும் தப்பித்தார். எப்படி? (இல்லத்தரசி, குடியாத்தம்)

முதலில் அவர் ரசத்தோடு எழுந்துவிட்டாரா என்று விசாரியுங்கள். எந்தக் கிருமி என்பது பரிசோதிக்காமல் தெரியாது. நோரோ வைரஸ் என்றே வைத்துக்கொண்டால், விடை மரபணுவில் இருக்கலாம். எஃப்யூடி2 என்ற மரபணு வேலை செய்தால் குடல் செல்லின் மேல் ஒருவகைச் சர்க்கரை அமையும். வைரஸ் பற்றிக்கொள்வது அதைத்தான். அந்த மரபணு செயல்படாதவர்களைப் பரவலான நோரோ வகைகள் பெரும்பாலும் தொடுவதில்லை. அவர்கள் திசுவில் வளர்த்த ஆர்கனாய்டிலும் அவ்வகைகள் பெருகவில்லை. திசு கொடுத்தவரின் உடல்வாகு கிண்ணத்திலும் தொடர்கிறது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் மற்றக் கிருமிகள் பலவற்றிடம் உங்கள் மாமியாருக்கும் சலுகை கிடையாது.

கேள்வி: பேரனுக்கு ரோட்டா சொட்டு மருந்து கொடுத்தும் வயிற்றுப்போக்கு வந்தது. கிண்ணத்துக் குடல் காரணம் சொல்லுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு)

சொல்லாது, ஐயா. அதில் ரத்தநாளம் இல்லை, நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லை, தாய்ப்பாலும் இல்லை. வீடு வீடாகப் போய்த்தான் அறிய வேண்டும். வேலூரில் 373 குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து 3 வயதுவரை பின்தொடர்ந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கையாக ரோட்டா தொற்றிய பிறகு கிடைத்த பாதுகாப்பு, மெக்சிகோக் குழந்தைகளுக்குக் கிடைத்ததைவிட இங்கே குறைவு. ரோட்டாவேக் சொட்டு மருந்தும் டெல்லி, புனே, வேலூரில் நடந்த சோதனையில், கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதல் ஆண்டில் சுமார் 56 சதவீதம் குறைத்தது. பாதிக்கு மேல் குறைவது சின்ன விஷயமில்லை. மீதியும், வேறு கிருமிகளால் வருவதும் இருக்கவே செய்யும். ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி கொடுங்கள். கண் குழிவிழுந்தாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: சானிடைசர் தடவினால் போதுமா? (பஸ் நடத்துநர், வேலூர்)

நோரோவுக்கு அதை நம்பாதீர்கள். சோப்பும் தண்ணீரும்தான்.