எங்கள் வக்கீல் ஏன் டிவியில் பேச மாட்டேன் என்கிறார்?

கேள்வி: என் தம்பி கொலை வழக்கில் கைதாகி வேலூர் மத்திய சிறையில் இருக்கிறான். ‘வாலிபர் பரபரப்பு வாக்குமூலம்’ என்று பேப்பரில் போட்டார்கள். டீக்கடை வாசலில் போஸ்டரே தொங்கியது. நிலத் தகராறில் கொலை என்று எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கூடக் கிடையாது. மற்ற வழக்குகளில் வக்கீல்கள் மைக் முன்னால் நின்று மறுக்கிறார்கள். எங்கள் வக்கீல் வாயே திறப்பதில்லை. அவரை மாற்றிவிடலாமா?
– குடியாத்தம் வாசகர்

பதில்: இந்த ஒரு காரணத்துக்காக மாற்றாதீர்கள்.

முதலில் அந்த ‘வாக்குமூலம்’. போலீஸிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்னால், அதை அவருக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு அப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 23-வது பிரிவும் அதையே சொல்கிறது. ஒரு விதிவிலக்கு உண்டு: ‘கத்தியை இன்ன இடத்தில் போட்டேன்’ என்று அவர் சொல்லி, அதன்படி கத்தி கிடைத்தால், கத்தியைக் காட்டிக்கொடுத்த அந்தப் பேச்சு மட்டும் செல்லும். பேப்பரில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதிவிடுகிறார்கள். தம்பி மாஜிஸ்திரேட் முன் ஏதாவது வாக்குமூலம் கொடுத்தானா என்று மட்டும் வக்கீலிடம் கேளுங்கள். அது வேறு சங்கதி.

பேப்பர் செய்தியே சாட்சியம் ஆகாது. எழுதியவர் கூண்டில் ஏறிச் சொல்லாதவரை அது கேள்விப்பட்ட பேச்சுதான் என்று 1988-ல் ஒரு தமிழ்நாட்டுக் கொலை வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, வக்கீல் ஏன் பேசுவதில்லை? தான் நடத்தும் வழக்கைப் பற்றிப் பத்திரிகைக்குக் கருத்துச் சொல்லியும் படம் போட்டும் விளம்பரம் தேடக் கூடாது என்பது, வக்கீல்களைக் கட்டுப்படுத்தும் பார் கவுன்சிலின் விதி. (மைக்கைக் கண்டதும் கோட்டைச் சரிசெய்துகொள்ளும் நண்பர்கள் எனக்கும் உண்டு, அது தனிக்கதை.) அமெரிக்காவில் ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு இருக்கிறது, அதில் உட்காரப்போகிறவர் இன்று காலை பேப்பர் படிப்பவர். அதனால் அங்கே வக்கீல்கள் பதிலுக்குப் பேச ஒரு நியாயம் உண்டு. இங்கே தீர்ப்பு எழுதப்போவது வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் உட்காரும் நீதிபதி. டீக்கடை போஸ்டருக்கு அங்கே வேலை இல்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ‘சம்பவத்தன்று அவன் ஆம்பூரில் இருந்தான்’ என்று வக்கீல் டிவியில் சொன்னால், அவர்கள் வழக்கில் ஓட்டை எங்கே என்று அரசுத் தரப்புக்கு நாமே காட்டிக்கொடுத்தது போல ஆகும். குறுக்கு விசாரணைக்குள் அதை அடைக்க ஏற்பாடு நடந்துவிடும். குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால், விசாரணையின் போக்கைக் கெடுக்கும் வெளியீடு 1971-ம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்துக்குள் வரும். அந்தச் சட்டம் பேப்பருக்கும் பொருந்தும், வக்கீலுக்கும் பொருந்தும்.

அதற்காகச் சும்மா இருக்கவும் வேண்டாம். நிலத் தகராறு என்ற பொய்யை மட்டும் எடுத்து, ‘இது தவறு, திருத்தம் போடுங்கள்’ என்று நீங்களே ஆசிரியருக்குப் பதிவுத் தபால் அனுப்பலாம். வழக்கைப் பற்றி வேறு ஒரு வரி கூட வேண்டாம். அனுப்புமுன் வக்கீலிடம் காட்டிவிடுங்கள். ஆசிரியர் அசையவில்லை என்றால் பிரஸ் கவுன்சிலுக்குப் புகார் செய்யலாம். நாளிதழ் என்றால் செய்தி வந்த 2 மாதத்துக்குள் போக வேண்டும். டிவி அந்தக் கவுன்சிலுக்குள் வராது.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். முகத்தை மூடாமல் தம்பி படத்தைப் போட்டார்களா? எந்தத் தேதியில்? சிறையில் அடையாள அணிவகுப்பு (பலரை வரிசையாக நிறுத்தி, சாட்சியை ஆளைக் காட்டச் சொல்வது) நடப்பதற்கு முன்பே படம் வந்திருந்தால், ‘இவன்தான்’ என்று கைகாட்டிய சாட்சி பேப்பரைப் பார்த்துச் சொன்னாரா, நேரில் பார்த்ததைச் சொன்னாரா என்று கூண்டில் வைத்துக் கேட்கலாம். அந்தப் பேப்பரைக் கிழித்துப் போடாதீர்கள். முழுத் தாளாக, தேதி தெரியும்படி வைத்திருந்து, அடுத்த வாய்தாவில் வக்கீல் கையில் கொடுங்கள்.