கிளையைக் கழிக்கும் முன்: செஸ் என்ஜின் கேள்வி பதில்

பெரம்பூர்: அண்ணா, ஆல்ஃபா-பீட்டா (பயனில்லாத கிளைகளைத் தேடாமல் விடும் முறை) போட்டும் என்ஜின் டெப்த் 6-க்கே (இரு பக்கமும் சேர்த்து ஆறு மூவ் ஆழம்) திணறுகிறது. ஏன்?

மூவ் வரிசைதான் தம்பி. நிலைக்கு 35 மூவ் என்று வைத்தால், எதையும் கழிக்காமல் டெப்த் 6-இல் சுமார் 184 கோடி கடைசி நிலைகள். எங்கும் சிறந்த மூவ் முதலில் வந்தால் 85,749 போதும். வரிசை தலைகீழானால் ஒரு கிளைகூடக் கழியாது. முதலில் ஹேஷ் மூவ் (இதே நிலையை முன்பு தேடியபோது சிறந்தது என்று சேமித்தது), அடுத்து காய் வெட்டும் மூவ் (சிப்பாய் ராணியை வெட்டுவது முன்னால்), பிறகு கில்லர் (அதே ஆழத்தில் வேறு கிளையைக் கழித்த மூவ்), கடைசியில் ஹிஸ்டரி (இதுவரை அடிக்கடி கழிக்க உதவிய மூவ்). இது சரியாகும்வரை வேறு ப்ரூனிங் (கிளை கழித்தல்) பக்கம் போகாதீர்கள்.

தாம்பரம்: நல் மூவ் (null move: நம் முறையை விட்டுக்கொடுத்து, அப்போதும் ஸ்கோர் நன்றாக இருந்தால் கிளையைக் கழிப்பது) எங்கே கூடாது?

செக்கில் கூடாது. அடுத்தடுத்து இரண்டு கூடாது. ஆட வேண்டியவரிடம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் இருந்தால் கூடாது. டெப்த் குறைப்பை 2 அல்லது 3-இல் தொடங்குங்கள். மேட் ஸ்கோர் வந்தால் அதை நம்பாமல் பீட்டாவையே (இதைத் தாண்டினால் கிளையைக் கழிக்கலாம் என்ற ஸ்கோர் எல்லை) திருப்புங்கள். நல் மூவ் போடும்போது ஆன்-பாஸான் (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை வெட்டும் விதி) கட்டத்தை அழிக்க மறந்தால் ஹேஷ் கீ (நிலையின் அடையாள எண்) கெடும்.

மயிலாப்பூர்: சுக்ஸ்வாங் (நகர்ந்தே ஆக வேண்டியதால் நிலை கெடுவது) அபூர்வம் சார். அதற்கு ஒரு நிபந்தனை தேவையா?

தேவை. வெள்ளை ராஜா டி5, சிப்பாய் ஈ4. கறுப்பு ராஜா எஃப்4, சிப்பாய் ஈ5. ஆட வேண்டியது வெள்ளை. நல் மூவ் போட்டால் கறுப்பு ராஜா நகர்ந்து ஈ5 விழும். வெள்ளை ஜெயிக்கிறது என்று என்ஜின் கிளையைக் கழித்துவிடும். நிஜத்தில் நகர வேண்டியது வெள்ளை ராஜா. ஈ4 போகும், ஆட்டமும் போகும். இப்படிப்பட்ட எண்ட்கேம் தேடலின் ஆழத்தில் அடிக்கடி வரும். நிபந்தனைக்கு ஆகும் செலவோ ஒரு பிட்போர்டு (64 கட்டங்களை 64 பிட்டில் வைக்கும் எண்) சோதனை.

வேளச்சேரி: ஒரு குதிரை இருந்தால் சுக்ஸ்வாங் நிலையும் நிபந்தனையைத் தாண்டிவிடுமே! மயிலாப்பூர் சார் சொல்வதுதான் சரி.

நிபந்தனை தாண்டும் என்பது உண்மை. அதனால் அதை எடுத்துவிடுவதா? இன்னும் இறுக்குங்கள். ஆழமான டெப்த்தில் நல் மூவ் பீட்டாவைத் தாண்டினால், நல் மூவை அணைத்துவிட்டு, குறைத்த டெப்த்தில் அதே நிலையை மறுபடி தேடுங்கள். அப்போதும் தாண்டினால் மட்டும் கழியுங்கள்.

ஆவடி: எல்எம்ஆர் (வரிசையில் பின்னால் வரும் மூவ்களைக் குறைந்த டெப்த்தில் தேடுவது) போட்டதும் எளிய காம்பினேஷன்கூடத் தெரிவதில்லை.

குறைத்துத் தேடிய மூவ் ஆல்ஃபாவை (இதுவரை கிடைத்த சிறந்த ஸ்கோர்) தாண்டினால் முழு டெப்த்தில் திரும்பத் தேட வேண்டும், அதை விட்டிருப்பீர்கள். முதல் மூன்று மூவ், காய் வெட்டு, ப்ரோமோஷன் எதையும் குறைக்காதீர்கள். மூவ் வரிசையையும் பாருங்கள்.

கிண்டி: 100 ஆட்டத்தில் 54 புள்ளி. மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 100 ஆட்டத்தில் பிழை எல்லை ஏறத்தாழ ±50 எலோ (ஆட்டத் திறன் மதிப்பு). எஸ்பிஆர்டி (முடிவு உறுதியாகும்வரை ஆட்டங்களைத் தொடரும் புள்ளியியல் சோதனை) ஓட்டுங்கள், ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்.

அண்ணா நகர்: நல்ல ஓப்பனிங் புக் எது?

இது ப்ரூனிங் பற்றிய பகுதி.

அடையாறு: செக்கில் இருக்கும்போது ஃபியூட்டிலிட்டி (ஸ்கோரை எட்டாது என்று தோன்றும் மூவ்களைத் தேடாமல் விடுவது) போடலாமா?

தாம்பரத்துக்குச் சொன்னதேதான், கூடாது. குவைசன்ஸில்கூட (காய் வெட்டுகள் ஓயும்வரை தொடரும் கடைசித் தேடல்) செக் என்றால் தப்பிக்கும் மூவ் எல்லாவற்றையும் தேடுங்கள்.