டயரா, பேரிங்கா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் சக்கரச் சத்தம்: கேள்வி பதில்

கோலாலம்பூர் வட்டாரத்திலும் பினாங்கிலும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகளில், சக்கரப் பக்கத்துச் சத்தம் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன். என்ன மாதிரி சத்தம் என்று எல்லாரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். அது எப்போது கூடுகிறது, எப்போது அடங்குகிறது என்று எழுதியவர்கள்தான் குறைவு. எனக்கு முக்கியமாக வேண்டியது அதுதான்.

கெப்போங்கிலிருந்து: அண்ணே, என்னுடையது 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 இன்ஜின். 60 கிலோமீட்டரைத் தாண்டினால் பின்பக்கம் "ஊ" என்று ஒரு முழக்கம். 90-இல் ரேடியோவே கேட்காது. ஃபோர்மேன் நாலு பேரிங்கையும் மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடட்டுமா?

வேண்டாம் தம்பி. நாலும் சேர்ந்தாற்போல் கெட்டுப்போவது அபூர்வம். எது என்று தெரியாதபோதுதான் "நாலையும்" என்பார்கள்.

பின்னால் வண்டி வராத நேரான சாலையில் 80-இல் போகும்போது கிளட்சை மிதியுங்கள். இன்ஜின் வேகம் இறங்கியும் முழக்கம் அப்படியே இருந்தால் இன்ஜினைச் சந்தேகப்பட வேண்டாம். அடுத்து, அதே வேகத்தில் ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். இடப்பக்கம் திருப்பினால் காரின் எடை வலப்பக்கச் சக்கரங்கள் மேல் விழும். அப்போது முழக்கம் கூடி, வலப்பக்கம் திருப்பும்போது குறைந்தால் பெரும்பாலும் வலது பேரிங்தான். எப்படித் திருப்பினாலும் மாறவில்லையா? டயரைப் பாருங்கள்.

பழைய கரடுமுரடான தாரிலிருந்து புதிதாகத் தார் போட்ட இடத்துக்குள் நுழையும்போது சத்தத்தின் குரல் மாறினாலும் அது டயர்தான். பேரிங்குக்குச் சாலை எதுவென்று தெரியாது.

டயரின் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்க எண்ணையும் படியுங்கள். 1217 என்றால் 2017-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம் செய்தது. வாரம் ஒருமுறை மட்டும் ஓடும் காரில் டயரின் பட்டன் (தரையில் படும் வரிகள்) தேயாமலே ரப்பர் கட்டையாகிவிடும். நம் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம். டயரின் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் மாதிரியும் இருந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட் சரியில்லை. உங்கள் காரில் நாலும் ஒரே அளவு என்றால் முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றி ஓட்டுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் வழக்கு முடிந்தது. டொயோட்டா எம்ஆர்2 இரண்டாம் தலைமுறைக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. முன்னும் பின்னும் வேறு அளவு.

இத்தனைக்கும் பிறகு பேரிங்தான் என்று தோன்றினால் காரைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் ஒரு கை, சக்கரத்தைச் சுற்ற ஒரு கை. கெட்ட பேரிங்கின் கரகரப்பு காதுக்குக் கேட்குமுன் ஸ்பிரிங் வழியாக விரலுக்குத் தெரியும். எம்எக்ஸ்-5-இல் முன் பேரிங் ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சேர்ந்து ஒரே சாமானாக வரும், மாற்றுவது சுலபம். பின் பேரிங்கை அழுத்தி இறக்கப் பிரஸ் மெஷின் வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்குகிறேன் என்று சொல்லும் பட்டறையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

ரவாங்கிலிருந்து: பின்சக்கர இழுவை டொயோட்டா, 185/60 ஆர் 14 டயர். மெதுவாகப் போகும்போது "டக் டக்" என்று தாளம் போடுகிறது. சக்கரமா, நடுத்தண்டா (பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணித்தான். உங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீட்டர். 20 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 3 சுற்று சுற்றும். டிஃபரென்ஷியல் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற நடுத்தண்டு சுற்றும் எண்ணிக்கை, 4.3 என்று வைத்துக்கொண்டால், நடுத்தண்டு அதே நேரத்தில் 13 சுற்று. நொடிக்கு மூன்று "டக்" என்றால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. எண்ணவே முடியாமல் "டகடகடக" என்று ஓடினால் நடுத்தண்டின் சிலுவை மூட்டைப் பாருங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், டயரில் ஆணியோ கல்லோ மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்கு அதுதான்.

பினாங்கிலிருந்து: ஐயா, பாலத்தில் போகும்போது மட்டும் "டொக் டொக்" என்று சீராகக் கேட்கிறது. பட்டர்வொர்த் பக்கம் இறங்கினால் இல்லை.

1985-இல் திறந்த முதல் பாலம்தானே? பதிமூன்றரைக் கிலோமீட்டர் நீளக் கான்கிரீட், வெயிலுக்கு விரிய இடம் வேண்டாமா? அந்த இணைப்பு இடைவெளிகளைத்தான் டயர் தாண்டுகிறது. கார் நலமாக இருக்கிறது. லிம் சொங் யூ விரைவுச்சாலையிலும் கேட்டால் அப்போது எழுதுங்கள். சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்ஷையும் அப்சார்பர் மேல் மவுண்டையும் பார்ப்போம்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. கார் பார்க்கில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஏறும்போது "கட கட" என்கிறது.

டிரைவ் ஷாஃப்டின் வெளிப்பக்க சிவி மூட்டு, அதாவது சக்கரம் திரும்பியிருந்தாலும் அதைச் சுற்றவைக்கும் மூட்டு. மூட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, ரிம்மின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும், பாருங்கள். வலப்பக்கம் ஒடிக்கும்போது கேட்டால் பெரும்பாலும் இடது மூட்டு. ஹாஃப் கட் கடையில் (பழைய காரின் சாமான் விற்கும் கடை) ஷாஃப்ட் வாங்குவதானால் ரப்பர் பூட்டைக் கழற்றி உள்ளே பார்க்கவிடும் கடையில் வாங்குங்கள். குண்டுகள் ஓடும் பள்ளத்தில் விரல் நகத்துக்குத் தட்டுப்படும் குழி இருந்தால் அது உங்களுடையதைவிட நல்லது இல்லை.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து: போர்ஷ 944. முன் சக்கரம் லேசாக ஆடியது. இறுக்கிக் கொடுத்தார்கள். ஆட்டம் நின்றது, இப்போது ஒரு முனகல் கேட்கிறது, ஹப்பும் சுடுகிறது.

அதிகமாக இறுக்கிவிட்டார்கள். உடனே சரிசெய்யுங்கள். இந்தக் காரின் முன் பேரிங்குகள் கூம்பு வடிவ உருளை வைத்தவை. இன்றைய கார்களைப் போல முடிந்தமட்டும் இறுக்கிவிட்டுப் போகக்கூடாது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, உருளைகள் சரியாக உட்கார்ந்ததும் தளர்த்த வேண்டும். நட்டுக்குப் பின்னால் உள்ள வாஷரை ஸ்குரூ டிரைவர் முனையால், நெம்பாமல், விரல் பலத்தால் மட்டும் தள்ளினால் நகர வேண்டும். அதுதான் அளவு. பிறகு நட்டின் பூட்டுத் திருகை இறுக்கிவிட்டு மறுபடியும் தள்ளிப் பாருங்கள், ஏனென்றால் பூட்டும்போது அளவு கொஞ்சம் மாறும். சூட்டில் ஓடிய பேரிங்கைக் கழற்றிப் பார்க்காமல் விடாதீர்கள். உருளை நீலம் பாய்ந்திருந்தால் புதிது போடுங்கள். பிரேக் பிடித்துக்கொண்டாலும் ஹப் சுடும். அதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

ஷா ஆலமிலிருந்து: வெள்ளத்தில் சக்கரம் பாதிவரை முங்கியது. அப்போது ஒன்றும் இல்லை. சில மாதம் கழித்து முழங்குகிறது. சம்பந்தம் உண்டா?

உண்டு. ஓடிச் சூடான ஹப் தண்ணீரில் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, பழைய சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். துரு மெதுவாகத்தான் வேலை செய்யும். டிஃபரென்ஷியல் எண்ணெயையும் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த நிறத்தில் வந்தால் அங்கேயும் தண்ணீர்.

செராஸிலிருந்து: எம்ஜிபி, கம்பிச் சக்கரம். கிளம்பும்போது ஒரு "கிளிக்", பிரேக் போட்டால் இன்னொரு "கிளிக்".

கம்பிச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஹப்பின் பல்வரிசை தேய்ந்திருக்கும். ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி, தூக்கிய சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். ஹப் நிற்க, சக்கரம் மட்டும் அசைந்தால் சந்தேகமே வேண்டாம். பற்கள் கத்தி முனைபோல் கூராகியிருந்தால் ஹப்பும் சக்கரமும் சேர்ந்தே போக வேண்டும். தேய்ந்த ஹப்பில் புதுச் சக்கரம் போட்டால் அதையும் தின்றுவிடும். செலவுதான், தெரியும்.

செந்தூலிலிருந்து: ஹோண்டா இன்டெக்ரா. போன வாரம் வேறு ஸ்போர்ட் ரிம் போட்டேன், நட்டு பழையதே. நேற்றிலிருந்து "லொட லொட" என்று ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை காராக் பக்கம் போகலாமா?

போகக்கூடாது. இதைப் படித்த இடத்திலேயே காரை நிறுத்துங்கள். ஹோண்டாவின் அசல் நட்டின் அடிப்பாகம் உருண்டை. வெளியே வாங்கும் ரிம்களில் பெரும்பாலும் கூம்புக் குழி. இரண்டும் சேர்ந்தால் ஒரு மெல்லிய வட்டத்தில் மட்டுமே பிடிமானம். எவ்வளவு இறுக்கினாலும் தளரும். உங்களுடையது சக்கரத்துக்கு நாலு போல்ட் உள்ள இன்டெக்ரா என்றால் கூம்பு நட்டு 16 வாங்குங்கள், மரை 12-க்கு 1.5. அதே காருக்கு ரிம்மின் நடுத்துளை 56.1 மில்லிமீட்டரைவிடப் பெரிதாக இருந்தால் இடையில் ஒரு வளையமும் வேண்டும். டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவைக் காட்டும் ரெஞ்ச்) 108 நியூட்டன் மீட்டர் வைத்து, எதிரெதிராக இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் இறுக்கவிடாதீர்கள். ரிம்மைக் கழற்றும்போது துளைகள் முட்டை வடிவமாகியிருந்தால் அந்த ரிம் குப்பைக்கு. போல்டின் மரை நசுங்கியிருந்தால் அதையும் மாற்றுங்கள். 50, 100 கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டி, மறுபடி ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பார்த்த பிறகு காராக் போங்கள்.