மூளை இரத்தக்கசிவுக்குப் பிறகு மறதியும் குழப்பமும் இருக்கிறது, வேலைக்குப் போனால் சமாளிக்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: இரத்தக்கசிவு வந்து சில மாதங்கள் ஆகின்றன, கைகால் நன்றாக இருக்கிறது, ஸ்கேனும் சரி, டாக்டர் வேலைக்குப் போகலாம் என்கிறார், ஆனால் தலைக்குள் பழையபடி இல்லை. நானும் அந்த வழியாக வந்தவன்தான். எனக்கு வந்தது சப்அரக்னாய்டு வகை. மூளையின் அடிப்பகுதியில் இரத்தக்குழாய் பலவீனமாகி உப்பியிருந்த இடம் வெடித்து, மூளையைச் சுற்றியுள்ள உறைகளுக்கு நடுவே இரத்தம் கசிந்தது. காயில் (coil) என்ற மெல்லிய கம்பிச் சுருளை அந்த உப்பலுக்குள் வைத்து அடைத்தார்கள். நான் பார்ப்பது கணக்கு வேலை.

சமாளிக்க முடியும். ஆனால் எது கெட்டுப்போயிருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் போனால் சமாளிக்க முடியாது.

டாக்டர் "சரி" என்று சொல்வது பொய் இல்லை. அவர் பார்ப்பது உயிர், பேச்சு, நடை, மறுபடி கசியுமா என்பதை. நினைவைச் சோதித்தால்கூடப் பெரும்பாலும் மோகா என்ற 30 மதிப்பெண் தேர்வுதான். கடிகாரம் வரையச் சொல்வார்கள், ஐந்து சொற்களைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பார்கள், 26 வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை என்று எழுதிவிடுவார்கள். அமைதியான அறை, எதிரில் ஒரே ஆள், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். எந்த ஆபீஸ் அப்படி இருக்கிறது, சொல்லுங்கள்.

என் மேசையில் நடப்பது வேறு. ஒரு பில்லின் தொகையைப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு அடுத்த ஃபைலில் அதைத் தேடிக்கொண்டிருப்பேன், பக்கத்தில் இருப்பவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பதில் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தால் எந்த வரியில் இருந்தேன், எதைத் தேடினேன், ஏற்கெனவே கூட்டிவிட்டேனா என்று எதுவும் இருக்காது. அதே நேரம் பல வருடங்களுக்கு முன் படித்த கணக்கு விதியைக் கேளுங்கள், தடங்கல் இல்லாமல் சொல்வேன். ஆக, நாம் மறதி என்று சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி நினைவு அழிந்துபோனதால் வருவதில்லை. கவனம் அறுந்துபோவதும், யோசனையின் வேகம் குறைந்திருப்பதும்தான். எனக்கு வந்த சப்அரக்னாய்டு வகைக் கசிவில் அடி ஒரே இடத்தில் விழுவதில்லை. வெடித்த நொடியில் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது, அடுத்த இரண்டு வாரங்களுக்குள் இரத்தக்குழாய்கள் சுருங்கி இரத்த ஓட்டம் குறையலாம், சிலருக்கு நீர் தேங்கும். அதனால் ஸ்கேனில் சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லாவிட்டாலும் தொந்தரவு நிஜமாகவே இருக்கும். உங்களுக்கு மூளைத் திசுவுக்குள்ளேயே கசிந்திருந்தால், இரத்த அழுத்தத்தால் வருவது பெரும்பாலும் அதுதான், எந்த இடம் என்பதைப் பொறுத்துப் பாதிப்பு மாறும். இடப்பக்கம் என்றால் பலருக்குச் சொல் தட்டுப்படாது. வலப்பக்கம் என்றால் குறை இருப்பதே சிலருக்குத் தெரியாது, வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது சோர்வு. என்னைக் கேட்டால் மறதியைவிட இதுதான் ஆளை வீழ்த்தும். தூக்கம் வருகிற சோர்வு இல்லை இது. எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும், அர்த்தம் வந்து சேராது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் மீட்டிங்கில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் அன்றைய நாள் முடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் மறுநாளும் சேர்ந்து போகும்.

அதனால் "பாதி நாள் வேலை" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். பாதி நாள் முழுக்க ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தால் என்ன பயன்? படிப்படியாக நேரத்தைக் கூட்டுவது அவசியம், வாரத்தின் நடுவில் ஒரு நாள் இடைவெளி இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அதைவிட முக்கியமாகக் குறுக்கீட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். நான் கேட்டது, தகவல் எதுவானாலும் எழுதி அனுப்புங்கள், காலையில் கூப்பிடாதீர்கள், பெரிய தொகை போவதற்கு முன் இன்னொருவர் ஒரு தடவை பார்க்கட்டும். யார் கூப்பிட்டாலும் "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, வரி எண்ணைத் தாளில் குறித்த பிறகுதான் தலையைத் தூக்குவேன். சிலருக்கு எரிச்சலாக இருந்தது, பழகிவிட்டார்கள். நோயைப் பற்றி எல்லோரிடமும் சொல்ல வேண்டுமா என்றால், வேண்டாம். மேலாளரிடமும் கூட வேலை செய்யும் ஒருவரிடமும் சொன்னால் போதும். "ஞாபகமறதி" என்று சொன்னால் ஒதுக்கிவைக்கத்தான் பார்ப்பார்கள், என்ன மாற்றம் வேண்டும் என்று சொன்னால் செய்து கொடுப்பார்கள்.

முடிந்தால் வேலைக்குப் போகும் முன்பே நரம்பியல் உளவியல் பரிசோதனை கேளுங்கள். சில மணி நேரம் எடுக்கும், ஆனால் கவனமா, வேகமா, திட்டமிடுதலா, எது பலவீனம் என்று தனித்தனியாகத் தெரியும். மூளைப் பயிற்சி ஆப்களில் எனக்கு நம்பிக்கை இல்லை, விளையாடினால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆகலாம், அவ்வளவுதான். தூக்கம், மனச்சோர்வு, தைராய்டு, இரத்தச்சோகை இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள், சரிசெய்யக்கூடியது அதில் இருக்கலாம். சப்அரக்னாய்டு என்றால், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் ஹார்மோன்களையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். லெவெடிரசிட்டம் போன்ற வலிப்பு மாத்திரை சிலருக்குத் தூக்கக் கலக்கமும் சிடுசிடுப்பும் தரும், அதை டாக்டரிடம் சொல்லலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது. வண்டி ஓட்டுவது, இயந்திரத்தில் வேலை, உயரத்தில் ஏறுவது எல்லாம் டாக்டர் தனியாகச் சொன்ன பிறகுதான்.

எப்போது சரியாகும் என்றால், முதல் சில மாதங்களில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும், அப்புறம் மெதுவாகும், ஆனால் ஒரு வருடம் தாண்டியும் நடக்கும். எல்லோரும் பழைய வேலைக்கே திரும்புவதில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை. நான் இப்போது முழுநேரம் பார்க்கிறேன், மாதக் கடைசியில் மட்டும் மீட்டிங்குக்கு வர மாட்டேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தேறி வந்தவருக்கு மறதி மறுபடி கூடி, நடை தடுமாறி, சிறுநீரை அடக்க முடியாமல் போனால் மூளையில் நீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு வைத்தியம் உண்டு. திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.