முதலில் பால் குடிப்பதைப் பாருங்கள்

கேள்வி: சொந்த ஊர் தஞ்சாவூர் பக்கம், இருப்பது மெல்பர்னில். மகளுக்கு ஐந்து வாரம் ஆகிறது. வேக்குவம் வைத்து எடுத்த பிரசவம். பிறந்தபோது 3.1 கிலோ இருந்தவள் இப்போது 3.4 கிலோதான். முக்கால் மணி நேரம் சப்பினாலும் பசி அடங்குவதில்லை. என் காம்பெல்லாம் புண். இடது பக்கம் எப்படியோ குடித்துவிடுவாள். வலது பக்கம் போட்டாலே திமிறி அழுகிறாள். நாக்குக்கு அடியில் சவ்வு இழுத்துப் பிடிக்கிறது, 'டங் டை' என்றார்கள். சவ்வை வெட்டுவதற்கு முன்னும் பின்னும் கைரோபிராக்டரிடம் (கழுத்து, முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்பவரிடம்) காட்டினால்தான் பலன் என்று இங்குள்ள தாய்மார்கள் சொன்னதால் ஒருவரிடம் போனேன். பிரசவத்தில் கழுத்து பிசகியிருக்கிறது, வாராவாரம் கூட்டி வாருங்கள் என்கிறார். பேறுகாலத்துக்கு வந்திருக்கும் அம்மாவோ, "உரம் விழுந்திருக்கு, எடுத்தா சரியாப் போயிடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது டாக்டர்?
— வாசகி, மெல்பர்ன்

பதில்: கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. நாக்கைப் பார்த்திருக்கிறார்கள், கழுத்தைப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தை ஒரு வேளை பால் குடிப்பதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை யாராவது பார்த்தார்களா? அப்படி ஒருவரும் உங்கள் கடிதத்தில் இல்லை. அதுதான் முதல் வேலை.

அதற்கும் முன்னால் எடை. பிறந்த சில நாட்களில் குழந்தை கொஞ்சம் இளைக்கும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். அப்படிப் பார்த்தால் ஐந்து வாரத்தில் மொத்தம் 300 கிராம் என்பது குறைவு. இந்த வாரமே ஜி.பி.யிடமோ (உங்கள் குடும்ப டாக்டர்) உங்கள் பகுதி தாய்-சேய் நல நர்ஸிடமோ காட்டி எடை போடுங்கள். காரணம் தெரியும்வரை குழந்தை பட்டினி கிடக்கக்கூடாது: பாலைப் பீய்ச்சிக் கொடுங்கள், போதாவிட்டால் அவர்கள் சொல்லும் அளவு புட்டிப்பால் சேர்த்துக் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. ஒரு நாளில் ஆறு தடவைக்கும் குறைவாகச் சிறுநீர் போனாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இனி பால் குடிப்பதைப் பார்ப்போம். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, தாடை மார்பில் அழுந்தியிருக்க வேண்டும். காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றியுள்ள கருவளையமும் வாய்க்குள் போக வேண்டும். பால் இறங்க ஆரம்பித்ததும் விழுங்கும் சத்தம் கேட்க வேண்டும். டக் டக்கென்று சத்தம் வந்தால் பிடி நழுவுகிறது என்று அர்த்தம். வாயை எடுத்ததும் காம்பைப் பாருங்கள்: புது லிப்ஸ்டிக் முனைபோல ஒரு பக்கம் சரிந்து, நசுங்கி இருந்தால் குழந்தை ஆழமாகக் கவ்வவில்லை. குழந்தை கவ்வும் விதத்தை மாற்றியதுமே பல தாய்மாருக்கு வலி பாதியாகக் குறைவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே தாய்ப்பால் கொடுக்கச் சொல்லித்தரும் லாக்டேஷன் கன்சல்டன்ட் இருப்பார்கள், வரச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியத் தாய்ப்பால் சங்கத்தின் உதவி எண்ணுக்கு நடுராத்திரியிலும் கூப்பிடலாம்.

பிடியைச் சரிசெய்த பிறகும் வலியும் எடைக்குறைவும் தொடர்ந்தால், நாக்கு மேலே எழும்பவும் கீழீறு தாண்டி வெளியே நீளவும் முடியாதபடி சவ்வு தடுக்கிறதென்றால், வெட்டுவது சரியே. சில நொடி வேலை, உடனே பால் கொடுத்துவிடலாம். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டாயிற்றா என்று மட்டும் முன்னதாக உறுதி செய்துகொள்ளுங்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கை 302 குழந்தைகளை வைத்து நடந்த 5 சோதனைகளை அலசியது. தாயின் காம்பு வலி குறைகிறது என்று அதில் தெரிந்தது. குழந்தை பால் குடிப்பது எல்லோருக்கும் மேம்படுகிறது என்று உறுதியாகவில்லை. சவ்வு கண்ணில் பட்டதற்காகவே வெட்ட வேண்டியதில்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

அடுத்து கைரோபிராக்டர். கழுத்தெலும்பு பிசகியதால் சப்ப முடியவில்லை, அதைத் தட்டிச் சரிசெய்தால் பால் குடிக்கும் என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடையாது. உங்கள் நாட்டிலேயே, மெல்பர்னில் ஒரு கைரோபிராக்டர் பச்சைக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்த வீடியோ பெரிய கொந்தளிப்பைக் கிளப்பி, 2019இல் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதுகெலும்பைத் தட்டித் திருப்பும் சிகிச்சை கூடாது என்று கைரோபிராக்டர்களின் வாரியமே நிறுத்தி வைத்தது. 2023 கடைசியில் தளர்த்தினார்கள். சுகாதார அமைச்சர்கள் எதிர்த்ததும் 2024 ஜூனில் மறுபடி நிறுத்தினார்கள். உங்கள் விக்டோரியா மாநில அரசு நடத்திய ஆய்வில் பெரிய கேடு நேர்ந்ததாகப் புகார்கள் அதிகம் வரவில்லை, உண்மைதான். பலன் இருக்கிறது என்பதற்கான சான்றும் பலவீனமாகவே இருந்தது. விரல் நுனியால் மெதுவாகத்தான் அழுத்துவோம் என்று அவர் சொல்லலாம். அந்த மென்மையான தடவலுக்கும் இதே பதில்தான். வாராவாரம் அங்கே போகும் பணத்தில் லாக்டேஷன் கன்சல்டன்ட்டை வரவழையுங்கள்.

அதற்காக அந்தக் கழுத்தை நான் ஒதுக்கவில்லை. ஒரு பக்கம் மட்டும் மறுக்கிறாள் என்பது முக்கியமான தகவல். கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகியிருந்தால் குழந்தை ஒரே திசையில்தான் தலையைத் திருப்பும், மறு பக்கம் திருப்பினால் அழும். எப்போதும் ஒரே பக்கம் பார்க்கிறாளா, கழுத்தில் சிறு உருண்டை தட்டுப்படுகிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். இருந்தால் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் போதும். சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலும் முழுசாகச் சரியாகிவிடும். இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: இடது மார்பில் குடிப்பவளைத் திருப்பாமல் அப்படியே வலப்பக்கம் நகர்த்தி, கால்கள் உங்கள் முதுகுப் பக்கம் போகும்படி வலது கக்கத்தில் அணைத்துப் பிடித்துக் கொடுத்துப் பாருங்கள். தலை அதே பக்கம் திரும்பியிருப்பதால் பல குழந்தைகள் இதற்கு ஒத்துக்கொள்ளும்.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சேலையில் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டி உரம் எடுத்த குழந்தைகளை என்னிடம் கொண்டு வந்திருக்கிறார்கள். அழுகை நின்றது என்பார்கள். அழுது களைத்துப்போய்த் தூங்கியிருக்கும். கழுத்து நிற்காத குழந்தைக்கு அந்த உருட்டல் ஆபத்து. நீங்கள் பால் பீய்ச்சும் நேரத்தில் பிள்ளையை அம்மா மடியில் வைத்துக்கொள்ளட்டும். இரவு ஒரு வேளை பாலை அவரே புகட்டட்டும், நீங்கள் தூங்குங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு இரண்டு வயது. இன்னும் பேச்சு வரவில்லை. நாக்குச் சவ்வை வெட்டினால் பேசுவான் என்கிறார்கள். வெட்டலாமா?
— வாசகர், துறையூர்

பதில்: வேண்டாம் ஐயா. டங் டை இருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்பு தடுமாறலாம், பேச்சே வராமல் போகாது. முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் செவித்திறன் பரிசோதனையும் பேச்சுப் பயிற்சியும் இலவசம். இந்த வாரமே கூட்டிப் போங்கள்.